கேட்கக்கூடாத பேச்சு

வீட்டில் அவளுக்குச் செவிட்டுச் சாமி என்று பெயர். நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். பாவம், அவள் என்ன செய்வாள்! பகல் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சைக் கேட்பதுதான் அவளுடைய உத்தியோகம். போலீஸ் அலுவலகத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. நீதிபதி உத்தரவு போட்ட போன்களை மட்டும் ஒட்டுக்கேட்டு, குற்றம் சம்பந்தப்பட்டதை எழுதித்தர வேண்டும்.

ஒட்டுக்கேட்பதற்கும் சட்டம் உண்டு. பேச்சு கேஸை விட்டு வீட்டு விஷயம், வியாதி, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று திரும்பினால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். சத்தமும் நிற்கும், பதிவும் நிற்கும். கொஞ்சம் கழித்துத் திறந்து பார்க்கலாம். இன்னும் சொந்தக் கதைதான் ஓடுகிறதென்றால் மறுபடி மூட வேண்டும். காதில் விழுந்ததை வெளியே மூச்சு விட்டால் ஜெயில். வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி அவளுடைய கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு மூளையே முளைத்துவிட்டது. வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் குசுகுசுவென்று ஆரம்பித்தால்கூட அது சாப்பாட்டு மேஜையை அழுத்தும்.

அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்தது, திருட்டு டீசல் விற்பதாகச் சந்தேகப்பட்ட ஒரு லாரி முதலாளியின் போன்.

“டேய் குண்டா, எங்கடா இருக்க?” என்றது ஒரு குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அண்ணன்! இந்த ஆளோடு அவனுக்குச் சிநேகம் என்பதே அவளுக்குத் தெரியாது. டயர், டிரைவர் என்று பேச்சு ஓடியது. பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

“உன்கிட்ட மட்டும் சொல்றேன்டா. டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். பண்ணலன்னா—”

கட்டைவிரல் அழுத்திவிட்டது.

காது அடைத்துப்போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதறிப்போய்த் திறந்தாள். “சரி, அந்தப் பழைய டயரை வித்துடு” என்றான் அண்ணன், ஒன்றுமே நடக்காததுபோல. என்ன வியாதி, எங்கே, எத்தனை நாள் தாங்கும்? எந்தப் பதிவிலும் இல்லை. கட்டையில போக இந்த விரல் என்று அழுகை அழுகையாக வந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஓடினாள். “எங்கண்ணன் குரல் மேடம். ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றேன்.”

“எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அடுத்த நிமிஷம் அவர் அந்த ஆளுக்குப் போன் பண்ணுவார். கேஸ் போச்சு, நீங்க உள்ள. உங்கண்ணன் வாய் எப்படி?”

“ஓட்டை வாய் மேடம்” என்றாள். ஊர் ரகசியமெல்லாம் ஒழுகுகிற அந்த வாய் இதை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறதே! இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மனுஷிதான். தண்ணீர் கொடுத்தாள், சட்டப்படி அன்றே அவளை வேறு லைனுக்கு மாற்றினாள். இந்தச் சட்டத்தை எழுதினவனுக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லையோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

“எல்லாரும் ஒரு தடவை முழு செக்கப் பண்ணிக்கலாமா? வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணிக்கறது நல்லது” என்று பொதுவாகச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

“எனக்கு எதுக்குடி? கல்லைத் தின்னாலும் செரிக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

கை கழுவ எழுந்தவன் பின்னாலேயே போனாள். குழாயடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருந்தது.

“அண்ணா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

அவன் குழாயை மூடினான். ஒரு கணம் வாயைத் திறந்தான். அவளுக்கு உயிரே வந்ததுபோல இருந்தது.

“உன்கிட்ட மறைக்க எனக்கு என்னடி இருக்கு? நல்லாத்தான் இருக்கேன். நம்பமாட்டியா?”

“நம்பறேன்ணா” என்றாள். அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.