அக்காவின் ஆயில் பைப்பும் கோலாகாட் சவாரியும்

கொல்கத்தாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறவன் கோயம்புத்தூரிலிருந்து என்ன எடுத்துப் போவான்? காபித்தூள், கொஞ்சம் தேங்காய் பர்பி. இந்த ஜனவரியில் என் பையில் இவற்றோடு அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற ஒரு பிரஷர் கேஜும் இருந்தது. ரயில் நிலைய ஸ்கேனரில் அதைப் பார்த்த காவலர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "பம்ப்செட் கடைங்க, சாம்பிளுங்க" என்றேன். விட்டுவிட்டார். பாதி உண்மைதான், எனக்குக் கடை இருக்கிறது.

அந்தக் கேஜ் என் அக்கா சுகந்தியின் மோட்டார் சைக்கிளுக்கு. கல்யாணமாகி லேக் கார்டன்ஸுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்ட, ஐம்பத்தெட்டு வயது அக்கா. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மாமா. வீட்டின் கீழ்த்தளத்தில் அறுபதுகளில் தயாரான 500 சிசி பிரிட்டிஷ் வண்டி. அதைத் துடைத்துக் கும்பிட்டு மூடி வைக்கிற ஆள் இல்லை அக்கா. காய்கறி வாங்க லேக் மார்க்கெட்டுக்கே அதில்தான் போவாள்.

அங்கே பழைய வண்டிக்காரர்களின் குழு ஒன்று உண்டு. வருஷம் ஒருமுறை குளிர்காலத்தில் மேற்கே கோலாகாட் என்ற ஆற்றங்கரை ஊர் வரை போய் வருவார்கள். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. போன வருஷம் திரும்பும் வழியில், ஹவுராவை ஒட்டிய சாந்த்ராகாச்சி அருகே, வால்வுகளுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப் அதிர்ச்சி தாங்காமல் விரிந்துவிட்டது. ஆயில் வெளியே போனது அக்காவுக்குத் தெரியவில்லை. எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியோடு சறுக்கி விழுந்தாள். முட்டியில் ஆறு தையல். அன்றே மாமா விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வண்டி மேல் கோபம் கிடையாது, முட்டி மேல்தான் கவலை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். எஞ்சினைப் புதுப்பித்து இன்னும் ஒரே ஒரு முறை கோலாகாட் சவாரி. வண்டி தானாக ஓடி வீடு வந்து சேர்ந்தால் அக்காவுக்கு. வேனில் ஏறி வந்தால் மித்ரா-தாவுக்கு. மித்ரா-தா ('தா' என்றால் வங்காளத்தில் அண்ணன்) அந்தக் குழுவின் தலைவர், பழைய வண்டிகளைச் சேர்ப்பவர், இந்த வண்டி மேல் நெடுநாளாகக் கண் வைத்திருப்பவர். சவாரியில் பழுதாகும் வண்டிகளை ஏற்றிவர வேன் கொண்டுவருபவரும் அவரேதான்!

சென்னையிலிருந்து சாந்த்ராகாச்சிக்கே நேராக ரயில் கிடைத்தது. அங்கே இறங்கினால் ஹவுரா நெரிசலைத் தவிர்க்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் நம்பினேன். வெளியே கோனா எக்ஸ்பிரஸ்வேயில் மேம்பால வேலை நடக்கிறது. லேக் கார்டன்ஸ் பதினைந்து கிலோமீட்டர்தான், டாக்ஸி ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது, ஐந்நூற்று இருபது ரூபாய். அந்த நெரிசலை அன்றைக்கே மனதில் குறித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பசி.

மறுநாள் செப்புக்குழாய் வாங்க ஹவுரா போனோம். ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் மாறினால் ஆற்றுக்கு அடியில் புகுந்து ஹவுரா மைதானில் கொண்டுவிடுகிறது. ஆறு எப்போது தலைக்கு மேல் போனது என்றே தெரியவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். திரும்பும்போது படகில் வாருங்கள், பாலம் முழுதாகத் தெரியும், காசும் கம்மி. ஹவுராவின் பட்டறைச் சந்துகளில் நடந்தபோது எனக்குச் சொந்த ஊர் வந்த மாதிரி இருந்தது. அதே இரும்பு வாசனை, அதே லேத் சத்தம், வாசலில் அதே டீ கிளாஸ். கால் அங்குலக் குழாய் வாங்கிக்கொண்டோம். குழாய் முனைகளில் இணைப்புகளை வெள்ளிப் பற்று வைத்து ஒட்ட ஒரு பட்டறையில் பேசி வைத்துவிட்டு வந்தோம்.

வளைக்கிற வேலை அக்காவுடையது. யாரையும் தொட விடமாட்டாள். செப்புக்குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கும். முதலில் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டாள், அதில் குழாய் மெத்தென்று ஆகிவிடுகிறது. பிறகு உள்ளே எதையாவது இறுக்கி நிரப்பி வளைக்க வேண்டும். ஊரில் நாங்கள் மணல் போடுவோம். நான் மணல் தேடிக் கிளம்பியபோது அக்கா சமையலறையிலிருந்து உப்பு டப்பாவோடு வந்தாள்.

"மணல் ஒண்ணு உள்ள தங்கிட்டாலும் எஞ்சின் காலி. உப்புன்னா சுடுதண்ணி ஊத்தினாக் கரைஞ்சு போயிரும்."

"இது எங்க கத்துக்கிட்ட?"

"போன வருஷம் கட்டிலிலயே கெடந்தேனே, வேற என்ன வேலை எனக்கு?"

மாமா மேலிருந்து எட்டிப் பார்த்து, "சாம்பார்ல உப்பு இல்லைன்னா இனி கீழ வந்து எஞ்சினத்தான் நக்கணும்" என்றார். கிண்டல் செய்தாரே ஒழிய, கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் உப்பு வாங்கி வந்ததும் அவர்தான்.

இந்த வண்டியில் ஆயில் டேங்க் தனி. அங்கிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்கு இறங்குகிறது. வேலை முடித்த ஆயில் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. வால்வுகளுக்கு மேலே ஏறுகிற மெல்லிய குழாய் மூன்றாவது, போன வருஷம் காலை வாரிய பாவி அதுதான். இந்த முறை அதில் அக்கா முறுக்கு மாதிரி இரண்டு சுற்று வைத்தாள். எஞ்சின் அதிரும்போது அந்தச் சுற்று ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும், குழாய் விரியாது. அதன் அடியில் ஒரு டி இணைப்பு வைத்து, இன்னொரு முறுக்குக் குழாய் வழியாக ஹேண்டில்பாரில் என் கேஜை மாட்டினோம். உப்பைக் கரைத்து, ஹவுரா பட்டறையில் முனைகளை ஒட்டி வாங்கி, மண்ணெண்ணெய் விட்டு அலசி, காற்றடித்துக் காயவைத்து, செப்பு வாஷர்களையும் சூடுகாட்டி மெத்தாக்கிப் பூட்டி, எஞ்சினை உதைத்தபோது கேஜின் முள் துள்ளி நான்கு கிலோ பிரஷரில் நின்றது. நான் விசிலடித்தேன். அக்கா தான் வளைத்த குழாய்களை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே ஒரு சொட்டுக் கசிவாவது தெரிகிறதா என்று தேடினாள். இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் நான். மாமா கேட்டில் நின்று கையசைத்தார், முகத்தில் சிரிப்பில்லை. பனிமூட்டத்தில் இரண்டாம் ஹூக்ளி பாலம் ஏறியபோது பதினேழு பழைய வண்டிகளின் சத்தம் ஒன்றாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது, குளிரால் இல்லை. ஞாயிறு விடியலில் கோனா சாலை காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி நெடுஞ்சாலையில் முள் இரண்டரையில் அசையாமல் நின்றது. மித்ரா-தா தன் பளபளப்பான வண்டியில் எங்களை ஒட்டி வந்து, கேஜைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். நல்ல மனுஷர்தான், ஆசைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் பட்டாணிக் கச்சோரி, உருளைக்கிழங்கு கறி, புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு. ஒரு ஆளுக்கு எண்பது ரூபாய். குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைச் சாப்பிடாமல் வந்தால் போனதே வீண்.

திரும்பும்போது சாந்த்ராகாச்சியில் மாட்டினோம். மேம்பால வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்த இடத்தில் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வெயில் ஏறிவிட்டது. அடி அடியாக நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தோம். எஞ்சின் சூடு என் காலில் அடித்தது. அக்காவின் தோளுக்கு மேலாகக் கேஜைப் பார்த்தேன். முள் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் இறங்கியது. கடைசியில் பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, நிறுத்து! பிரஷர் இல்ல!"

அவள் எஞ்சினை நிறுத்தி ஓரத்துக்குத் தள்ளினாள். போன வருஷம் விழுந்த இடத்துக்கும் இதற்கும் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. மித்ரா-தாவின் வேன் பின்னாலேயே வந்து நின்றது, வண்டி ஏற்றும் பலகையை இறக்கியும் விட்டார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கேஜைப் பார்த்தார். "பௌதி, ஆர் சாலாபேன் நா. துலே தின்" என்றார். அண்ணி, இனிமேல் ஓட்டாதீர்கள், ஏற்றிவிடுங்கள் என்று அர்த்தம்.

அவர் சொன்னதே சரி என்று எனக்கும் பட்டது. இருபது வருஷமாகப் பம்ப்செட் விற்கிறேன். முள் விழுந்தால் பம்ப் போச்சு, என் கடையில் அதற்கு மேல் பேச்சே இல்லை. "அக்கா, ஏத்தீரலாம். வண்டி போனாப் போகுது. இன்னொரு தடவ விழுந்தீன்னா மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வண்டி கண்ணுக்கே தெரியவில்லை, அவள் முட்டிதான் தெரிந்தது.

அக்கா என்னையும் பார்க்கவில்லை, வேனையும் பார்க்கவில்லை. கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"டேய் குமாரு, இது எத்தன கிலோ கேஜுடா?"

"பத்து."

"உன்ற கடையில கெணத்து மோட்டாருக்கு விக்கிறதா?"

"ஆமா."

"நம்ம கெணத்துல மோட்டார் போட்டா ஐயன் கேஜையா பாத்தாரு? தொட்டியில தண்ணி விழுகுதான்னு பாத்தாரு!"

சொல்லிக்கொண்டே ஆயில் டேங்க்கின் மூடியைத் திறந்து வைத்தாள். எஞ்சினை உதைத்தாள். ஒரே உதை. டேங்குக்குள் குனிந்து பார்த்தேன். திரும்பி வருகிற குழாயின் வாயிலிருந்து ஆயில் விட்டு விட்டுப் பீய்ச்சிக்கொண்டிருந்தது, ஊரில் அப்பா எட்டிப் பார்த்த எங்கள் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் விழுகிற அதே மாதிரி. சூடான ஆயில் தண்ணியாகிவிடும், எஞ்சின் மெதுவாக ஓடினால் அரை கிலோ பிரஷர்கூட இருக்காது, அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது போதும். பத்து கிலோ கேஜில் அந்த அரை கிலோ பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் தெரியும். அக்கா ஆக்சிலேட்டரைத் திருகினாள், முள் எழுந்து ஒன்றைத் தாண்டியது. மூன்று குழாய்களையும் விரலால் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது.

"ஏறு" என்றாள்.

மித்ரா-தா டேங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பலகையை மேலே ஏற்றச் சொன்னார். ஏறினேன். பயமில்லை என்று எழுதினால் பொய். லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வந்து பாலத்தின் ஏற்றத்தில் அக்கா முறுக்கியபோது முள் இரண்டுக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நடுப்பாலத்தில் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கீழே ஆற்றில் போன படகுக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கும். அக்கா திரும்பாமலே, "தம்பி, காதுக்குள்ள கத்தாதடா!" என்றாள். அவளும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

லேக் கார்டன்ஸில் மாமா கேட்டிலேயே நின்றிருந்தார். எஞ்சின் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே ஓடி வந்திருக்கிறார். முதலில் அக்காவின் முட்டியைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தை. பின்னாலேயே வெறும் வேனோடு வந்த மித்ரா-தா இறங்கி, இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, மாமாவிடம்தான் பேச்சை ஆரம்பித்தார். மாமா அவரை முடிக்கவே விடவில்லை.

"காடி பிக்ரி ஹோபே நா, தாதா."

வண்டி விற்பனைக்கு இல்லை, அண்ணா. ஒரு வருஷமாக விற்றே தீரவேண்டும் என்றவர், அக்காவைக் கேட்காமலே, தெருவில் நின்று சொன்னார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலத்தில் வராத அழுகை எனக்கும் அங்கேதான் வந்தது.

பழைய வண்டிக்கு ஆயில் பைப் போட நினைப்பவர்களுக்கு: குழாயை மெத்தாக்காமல் வளைக்காதீர்கள், உப்பை வெந்நீரில் நன்றாக அலசுங்கள், அதிர்கிற இடத்தில் சுற்று வையுங்கள். கேஜ் நான்கு கிலோ அளவுக்கு வாங்குங்கள், பம்ப்செட் கடைக்காரன் கொடுப்பதை வாங்காதீர்கள். வழியில் சந்தேகம் வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். கோலாகாட் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் அங்கிருந்து திரும்பிவிடுங்கள், சாந்த்ராகாச்சி நெரிசல் பொல்லாதது. பருவம், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை.

லேக் கார்டன்ஸ் பக்கம் போனால் அந்த வண்டியை வாசலிலேயே பார்க்கலாம், அக்காவும் ஆசையாக நின்று பேசுவாள். விலை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவரைப் பின்சீட்டில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் இல்லை என்று சொல்வாள்.