இருபத்தோரு இன்ச்சு மானிட்டரும் எதிர்ச்சாரி டீக்கடையும்

போன வாரம் என் மகள் ஒரு மானிட்டர் வரவழைத்தாள். சென்னையில் இருக்கிற கம்பெனிக்கு, செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவள். கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டி. கட்டில் ஏதும் வாங்கிவிட்டாளோ என்று பயந்துபோனேன். பிரித்தால் முப்பத்துநான்கு இன்ச்சு, அதுவும் வளைந்தது. தெர்மோகோல் உரசுகிற சத்தம் எனக்கு ஆகாது, பல் கூசும். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற புது பிளாஸ்டிக் வாசனை இருக்கிறதே, அதை மட்டும் விட மனசில்லாமல் குனிந்து மோந்துகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, பெட்டிய மோந்துக்கினு இருக்குற?"

"இம்மாம் பெருசு எதுக்குடி உனக்கு?"

"பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லதும்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சமையலில் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். புடவைக் கலர் சரியில்லை என்று சொல்லுங்கள், மாற்றிக்கொள்வேன். மானிட்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் நடுவிரல் திரையில் பட வேண்டும். அந்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பாமல் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும். மேல்விளிம்பு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. இதற்குள் அடங்குவது இருபத்துநான்கு இன்ச்சு. கொஞ்சம் தாராள மனசு இருந்தால் இருபத்தேழு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பின்னால் தள்ளி உட்கார இடம் வேண்டும். எங்கள் முன்னறையில் நாற்காலியைத் தள்ளினால் பீரோவில் இடிக்கும்.

இதையெல்லாம் நான் எந்த கோர்ஸிலும் படிக்கவில்லை. தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டு மானிட்டரை நுழைத்த கடையில் வேலை பார்த்தவள் நான். அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மகள் பாதியிலேயே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திண்டிவனம் ரோட்டில் ஒரு டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்போம். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் பெட்டி நடைபாதைக்குக் கூரை போட்ட மாதிரி ஒடுக்கமாக இருக்கும். நடுவே நீளவாக்கில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் நானும், அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷினும் வசந்தா அக்காவும். என் நாற்காலியின் முதுகு எதிர்ச்சுவரில் இடித்துக்கொண்டேதான் இருக்கும். முதலாளி சாந்தகுமார் அண்ணன், பரம்பரையாக நெல் வியாபாரம் செய்த ஜைனக் குடும்பம். அவர் ஒருத்தர்தான் நெல்லை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். எந்த வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்க ஆரம்பித்தால் அண்ணன் சைக்கிள் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்கும். நாங்கள் மணி பார்ப்பதே அதை வைத்துத்தான்.

முதலில் இருந்தது பதினாலு இன்ச்சு மானிட்டர். அது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பத்திரிகை அடிக்க ஒரு குடும்பம் வந்தால் என் தோளுக்கு மேலே ஒருத்தர்தான் எட்டிப் பார்க்க முடியும். அவர் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வார். அவர் சரி என்றால் எல்லோருக்கும் சரி. மாமன் பெயர் முதலிலா சித்தப்பா பெயர் முதலிலா என்கிற சண்டையெல்லாம் பிரிண்ட் ஆகி வீட்டுக்குப் போனபிறகுதான் நடக்கும். எங்களுக்குச் சேதாரம் கிடையாது.

அப்போதுதான் டிஜிட்டல் பேனர் வந்த புதுசு. பெரிய பேனர் செய்யப் பெரிய மானிட்டர் வேண்டும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். சென்னையில் ஏதோ ஆபீஸ் மூடியபோது இருபத்தோரு இன்ச்சு மானிட்டர் ஒன்றைப் பிடித்து, நெல் ஏற்றிப் போய்த் திரும்பிய வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது மாதிரி தட்டையானது இல்லை. பழைய டிவி மாதிரி பின்னால் கூனோடு இருப்பது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். அண்ணன் இன்ச்சு டேப்பைக் கோணல்மாணலாகப் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து, கண்ணாடி கொஞ்சம் குறைகிறது என்று சென்னைக்கு போன் போட்டுச் சத்தம் போட்டார். நீளம் பார்த்தார், உயரம் பார்த்தார். அதன் கூன் எவ்வளவு ஆழம் என்று மட்டும் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மேஜையில் தூக்கி வைத்தால், பின்பக்கம் தடுப்பில் முட்டிக்கொண்டு முன்பக்கம் கீபோர்டுக்கு மேலே தொங்குகிறது. என் மூக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அண்ணன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்துப் பிளைவுட்டில் ஒரு சதுரம் அறுத்தார். கூன் அந்த ஓட்டை வழியாக ஜெராக்ஸ் பக்கம் போய்விட்டது. நாய்க்குட்டி குடிசைக்குள் பாதி நுழைந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் வசந்தா அக்கா அதன் மேல் ஈரக் கைக்குட்டையைக் காயப் போடுவார். நன்றாகவே காயும்.

அப்படியும் எனக்கு இடம் போதவில்லை. 'திரு' என்று இடது ஓரம் ஆரம்பித்த வரியை வலது ஓரம் முடிக்க நான் ஒரு தரம் தலையை ஆட்ட வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நான் எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சாயந்திரமானால் பிடரி கல்லாகிவிடும். அண்ணனிடம் சொன்னால், "பெருசா தெரியுதுல்ல, அப்புறம் இன்னாம்மா கொற?" என்பார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, இப்போது வாசல்வரை நிற்கிற எல்லோருக்கும் திரை தெரிந்தது. பாட்டனிலிருந்து பேரன்வரை ஆளுக்கொரு யோசனை. "அந்தப் புள்ளையாரக் கொஞ்சம் இந்தாண்ட தள்ளும்மா." "ரோசு கலரு வாணாம்மா, மெரூன் போடு." ஒரு பத்திரிகை முடிய இரண்டு நாள் ஆனது.

ஏழுமலை வந்தது அந்தச் சமயத்தில்தான். தொண்டூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். மனைவி தவறிப்போய்க் காரியம் நெருங்கிக்கொண்டிருந்தது. யார் போனாலும் ஊர் முனையில் எட்டடிக்குப் பேனர் வைப்பது அப்போது தொடங்கியிருந்தது. "ஊர்ல எல்லாருக்கும் வச்சிருக்குது. எம் பொண்டாட்டிக்கு மட்டும் இல்லன்னு ஆயிடக் கூடாதும்மா" என்றார். அந்த அம்மா பெயர் அஞ்சலை. படம் கேட்டேன். வாக்காளர் அட்டையைக் கொடுத்தார். நான் அதை ஸ்கேன் செய்யப் போனதும், "இது வாணாம்" என்று பிடுங்கிக்கொண்டார். "இது அவ இல்லம்மா. ஆடாதன்னு எவனோ சொன்னதுல பயந்துபோய் நிக்கிறா."

வேஷ்டி மடிப்பிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மகளிர் குழுவில் கோட்டைக்குச் சுற்றுலா வந்தபோது மொத்தப் பேரும் நின்று எடுத்தது. பின்வரிசையில், யாரோ ஒருத்தியின் தோளுக்கு மேலே, மிளகளவுக்கு ஒரு முகம். சிரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கே அந்தச் சிரிப்பைப் பிடிக்கும் என்று வசந்தா அக்கா பிறகு சொன்னார், அவருக்கும் அந்த ஊர்தான்.

ஸ்கேன் செய்து திரையில் கொண்டுவந்தேன். விரல்நகம் அளவில் இருந்தவரை சிரித்தாள். பெரிசாக்க ஆக்கக் கட்டம் கட்டமாக உடைந்தாள். பல் இருந்த இடத்தில் நாலு வெள்ளைச் சதுரம், மூக்கு இருந்த இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம். ஏழுமலை என் தோளருகே சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"இப்பத்தானம்மா சிரிச்சிக்கினு இருந்தா. எங்க பூட்டா?"

பூமாலை போட்டு நடுவே சின்னதாக வைத்துவிடலாம் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனார். படியிலிருந்து ஒரு தரம் திரும்பிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எம்மா, இங்கேர்ந்து பாத்தா கொஞ்சம் வரா."

இன்னும் ஓரடி பின்னால் போய் ரோட்டில் இறங்கிச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். மானிட்டர் பக்கச்சுவரைப் பார்த்து இருப்பதால் அதற்கு மேல் போனால் தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வசந்தா அக்கா குரல் வந்தது. "ரோட்டாண்ட திருப்பி வச்சா இன்னாடி?"

நல்ல வேளை, அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஓட்டையிலிருந்து அந்தக் கூனை வெளியே இழுத்தோம். வசந்தா அக்கா அந்தப் பக்கமிருந்து தள்ள, நானும் ஏழுமலையும் இந்தப் பக்கமிருந்து இழுக்க, பிளைவுட் ஒரு துண்டு பெயர்ந்துகொண்டுதான் வந்தது. ஜெராக்ஸ் ஸ்டூலை வாசலில் போட்டு அதன் மேல் ரோட்டைப் பார்த்து வைத்தோம். வொயர் எட்டவில்லை, சிபியூவையும் நகர்த்தினோம். ஏழுமலை ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார்.

அன்றைக்கு அமாவாசை வேறு. மேல்மலையனூர்க் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ் மறைக்கும், போகும், இன்னொன்று மறைக்கும். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஏழுமலை டீக்கடைப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என்ன என்று கையால் கேட்டேன். அவர் இடத்தை விட்டு அசையவில்லை. நானும் ரோட்டைத் தாண்டி ஓடி அவர் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். பொழுது மங்குகிற நேரம். கடை வாசலில் அஞ்சலை சிரித்துக்கொண்டிருந்தாள். சதுரமுமில்லை ஒன்றுமில்லை. முழு முகம்.

"இவதாம்மா" என்றார் ஏழுமலை. டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் சைக்கிளில் திரும்பி வந்தவர் கடை வாசலைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். "இன்னாம்மா, கடைய ரோட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க?" எதிர்ச்சாரிக்கு வந்து பாருங்கள் என்று கையை மட்டும் காட்டினேன். வந்தார், பார்த்தார். "பேனர யாரு மூக்க ஒட்டவச்சிப் பாக்கப் போறாங்க? எட்டடி அடிச்சிடு" என்றார். மறுநாளே சிடி போட்டுத் திண்டிவனத்தில் பேனர் அடிக்கிற இடத்துக்கு அனுப்பினோம். காரியத்தன்று ஊர் முனையில் வேப்பமர உயரத்தில் அவள் சிரித்தாள். நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அதற்குப்பின் எவ்வளவோ பேனர் செய்துவிட்டேன், இத்தனை கர்வமாக எதையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து ஏழுமலை ஒரு கூடை வேர்க்கடலையோடு கடைக்கு வந்தார். பேனரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வூட்டுக்குள்ள மாட்னேம்மா. கிட்ட பாத்தா அவ இல்ல. கயட்டிக்கினு போயி மோட்டார் ரூம் சுவத்துல அடிச்சிட்டேன். அந்தாண்ட வரப்புல நின்னா தெரியிறா. தண்ணி கட்டசொல்லோ பாத்துப்பேன்." தொண்டூர் பஸ்ஸில் போனால் அந்த மோட்டார் ரூம் இடதுபக்கம் தெரியும். வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்த வழியில் போனால் இடதுபக்க ஜன்னல்தான் பிடிப்பேன். ஒவ்வொரு கோடைக்கும் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நீலமாகச் சிரித்தாள். பிறகு வெளுத்துப்போனாள்.

இப்போது டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் கடையும் இல்லை. அந்த இருபத்தோரு இன்ச்சு எடைக்குப் போனது. சிடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. மகளிர் குழுப் படம் யார் வீட்டுக்குப் போனதென்று வசந்தா அக்காவுக்கும் தெரியவில்லை.

போன மாதம் ஏழுமலை தவறிப்போனார். கேள்விப்பட்டுப் போனேன். ஊர் முனையில் பெரிய பேனர். மகன்கள் செல்போனில் எடுத்த படம், மீசையில் முடியை எண்ணலாம், அவ்வளவு சுத்தம். அவர் தோளருகே, வட்டத்துக்குள், அஞ்சலை. வாக்காளர் அட்டைப் படம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தேன். இன்னும் பின்னால், வரப்புவரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்தும் பயந்துபோய்த்தான் நின்றுகொண்டிருந்தாள்.