நூறு மீட்டர் பலகைக்கு அப்பால்

மஹ்விஷை நான் முதலில் பார்த்தது ஈக்காட்டுத்தாங்கலில், எங்கள் அலுவலகத்தில். போன வருடம் ஜூன் மாதம், திங்கட்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஃபோன். நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னா சார், உங்க பொட்டி பொய் சொல்லுதா, இல்ல நான் பொய் சொல்றேனா? அத்த மட்டும் சொல்லுங்க. போய்க்கினே இருக்கேன்."

பெட்டி என்று அவர் சொன்னது நாங்கள் தயாரிக்கும் கருவியை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. காரில் பொருத்தினால், எந்த நொடியில் கார் எங்கே இருந்தது, என்ன வேகம், இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு ஃபோனுக்கு அனுப்பும். அதைப் பற்றி வரும் புகார்களைப் பார்ப்பது என் வேலை. அரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக இன்ஜினியரிங் முடித்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. புகார் என்று யார் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

"பெட்டி உங்க பேர்ல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பொட்டி என்து இல்ல. பொட்டிக்காரரு கைல கட்டு போட்டுக்கினு மயிலாப்பூர்ல உக்காந்துகினு கீறாரு. அதான் நான் வந்தேன்."

உட்காரச் சொல்லி முழுக்கதையையும் கேட்டேன்.

அவருக்கு வீடு திருவல்லிக்கேணியில், வாலாஜா மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. அப்பா ஷரீஃப் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மஹ்விஷ் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டு, தி.நகரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு வருடம் ஆகிறது. மூன்று நாள் கல்யாணத்தை மூன்று மணி நேரமாக்கி, அதையும் மூன்று நிமிடமாக்கித் தருவார்.

பெட்டிக்குச் சொந்தக்காரரான சித்தார்த்தனின் தங்கை கல்யாண வீடியோவும் அப்படி அவர் கைக்கு வந்ததுதான். சித்தார்த்தனுக்கு தரமணியில் சாஃப்ட்வேர் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கை சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கத் திறந்துவிடுவார்கள். டிராக் டே என்று பெயர். சித்தார்த்தன் அதற்குத் தவறாமல் போகிறவர். காரின் முன்கண்ணாடியில் ஃபோனைப் பொருத்தி ஓட்டியதையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். எங்கள் பெட்டி தந்த கணக்கும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, படத்தின் மேலேயே வேகமும் பிரேக்கும் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று மஹ்விஷைக் கேட்டார். மஹ்விஷ் தன் ஃபோனிலேயே செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒரு வருடத்தில் பதினொரு பேர் ஆனார்கள்.

படத்தையும் கணக்கையும் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டும் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. இதற்கு மஹ்விஷ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டிராக்குக்குள் இறங்கும் முன், நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மூன்று முறை அழுத்தி இன்ஜினை உறுமவிட வேண்டும். வீடியோவில் மூன்று உறுமல் கேட்கும். பெட்டியின் கணக்கை வரைபடமாகப் பார்த்தால் மூன்று மேடு தெரியும். மேட்டின் மேல் உறுமலை வைத்துவிட்டால் முடிந்தது. டிராக்கில் இதற்கு 'சலாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மஹ்விஷ் அக்காவுக்கு சலாம் வச்சியா மச்சி?" என்று கேட்ட பிறகுதான் வண்டியை உள்ளே விடுவார்களாம்.

ஏப்ரல் மாதம் சித்தார்த்தன் ஒன்பதாவது சுற்றில் தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓட்டினார். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் ஒரு வலது திருப்பம். திருப்பத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்ட ஓரத்தில் பலகைகள் நட்டிருப்பார்கள். வழக்கமாக அவர் நூறு மீட்டர் பலகையில் பிரேக் மிதிப்பார். மஹ்விஷ் செய்துகொடுத்த வீடியோவிலோ, அந்தச் சுற்றில் பலகையைத் தாண்டி முப்பது மீட்டர் போன பிறகுதான் பிரேக் விழுந்தது. "சார், இதான் மேட்டரு. லேட்டா மிதிச்சீங்க, அதான் டைம் வந்துச்சு" என்று மஹ்விஷ் எழுதி அனுப்பியிருந்தார்.

மே மாதம் சித்தார்த்தன் அதை நம்பி முப்பது மீட்டர் தள்ளி மிதித்தார். கார் நிற்கவில்லை. டயர்களை அடுக்கிய சுவரில் போய் மோதியது. வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். ஒரு நல்ல நேரம் வந்ததும் ஆள் பேராசைப்பட்டுவிட்டான் என்று டிராக்கில் பேசிக்கொண்டார்கள். சித்தார்த்தனும் அதையே நம்பினார்.

"நான் நம்பல. அந்த மனுசன் அப்டி ஓட்றவரு இல்ல" என்றார் மஹ்விஷ். "வர்ற ஞாயித்துக்கெழம மீதி பத்து பேரு போறாங்க. எல்லார் கைலயும் நான் பண்ண வீடியோதான் கீது. தப்பு யார் மேலன்னு அதுக்குள்ள தெரியணும்."

இரண்டு நாள் நேரம் கேட்டேன்.

பெட்டியின் கணக்கை வரி வரியாகப் பார்த்தேன். அதே நாளில் அதே டிராக்கில் ஓடிய வேறு இரண்டு கார்களின் கணக்கோடு ஒப்பிட்டேன். எங்கள் சோதனைக் காரில் பொருத்தி கிண்டியைச் சுற்றி வந்தேன். ஒரு குறையும் இல்லை. என் மேலாளர் ரகுபதி அறிக்கையைப் படித்துவிட்டு, "பெட்டி ஓகேன்னு ஒரு மெயில் போட்டு முடிச்சிடுப்பா. வீடியோ அவங்க பாடு" என்றார்.

மெயில் போடவில்லை. புதன்கிழமை மதியம் மஹ்விஷை வரச் சொல்லி, அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரைபடங்களைக் காட்டினேன். இரண்டாவது படத்திலேயே கொட்டாவி விட்டார்.

"தம்பி, நீ படிச்சவன், நல்லா சொல்ற. எனக்கு ஒண்ணும் ஏறல. பொட்டி மேல தப்பு இல்ல, அதான?"

"இல்லைங்க அக்கா."

"அப்பன்னா நான்தான்."

ஃபோனை எடுத்து அந்த ஏப்ரல் வீடியோவைப் போட்டார். பின்னணியில் ஒரு குத்துப் பாட்டு ஓடியது. "கார் சத்தம் எங்கேங்க?" என்று கேட்டேன்.

"அத்த யாரு கேப்பா? எங்க ஸ்டுடியோல மொத வேலயே ஒரிஜினல் சத்தத்த எடுக்கறதுதான். ஜெனரேட்டர் சத்தம், பந்தில சாம்பார் சாம்பார்னு கத்தறது, எல்லாத்தையும் தூக்கிட்டு பாட்ட போடுவோம். இதுலயும் சலாம் வரைக்கும்தான் சத்தம் வேணும். சேத்ததும் தூக்கிடுவேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பாட்டை எடுத்தார். சித்தார்த்தன் ஃபோனில் பதிவான அசல் சத்தத்தைத் தேடி எடுத்து மறுபடி வைத்தார். தொடக்கத்தில் மூன்று உறுமலும் மூன்று மேடும் அச்சாக உட்கார்ந்தன. பிறகு வீடியோவைக் கடைசிக்கு இழுத்தார். ஓட்டி முடித்து சித்தார்த்தன் இறங்குகிற இடம். காருக்கு முன்னால் ஒருவர் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

படத்தில் அவருடைய கைகள் சேர்ந்தன. சத்தம் இல்லை. கைகள் பிரிந்தன. அப்புறம் கேட்டது, தட் என்று.

மஹ்விஷ் அதை ஐந்து முறை போட்டுப் பார்த்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

நடந்தது இதுதான். ஏப்ரல் வெயிலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஃபோன் சூடாகி, நொடிக்கு முப்பது என்று எடுக்க வேண்டிய படங்களில் சிலவற்றை அங்கங்கே எடுக்காமல் விட்டிருக்கிறது. வீடியோ பெரிதாக இருந்ததால் மஹ்விஷ் அதை முதலில் ஒரு ஆப்பில் போட்டுச் சுருக்குவார். அந்த ஆப், விட்டுப்போன இடங்களைக் கண்டுகொள்ளாமல் இருந்த படங்களை நெருக்கி அடுக்கிவிட்டது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். போகப்போகப் படம் கணக்கை முந்திக்கொண்டு ஓடும். சத்தம் எங்கும் விடாமல் பதிவாகியிருந்தது; அது கூடவே இருந்திருந்தால் யார் காதுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணப் பழக்கத்தில் சத்தத்தை எடுத்துவிட்டதால் தெரியவில்லை.

ஒன்பதாவது சுற்றுக்குள் இருபத்து நாலு படங்கள் போயிருந்தன. நொடிக்கு முப்பது படம் என்றால், முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேலே. நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் முப்பத்தொரு மீட்டர் போய்விடும். டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

"அவரு நூறுலதான் மிதிச்சிருக்காரு" என்றார் மஹ்விஷ். "நான்தான் தள்ளி வச்சிட்டேன்."

எனக்கு அப்போது வாயில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மத்தவங்க வீடியோவெல்லாம் சரி பண்ணிப் புதுசா அனுப்பிடுங்க அக்கா. சித்தார்த்தன் சார்கிட்ட நீங்களா சொன்னாத்தான் தெரியும்" என்றேன்.

"உங்க ஊர்ல அப்டித்தானா?"

நான் டீக்கடை பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"அவரு கார விக்கப்போறாரு தம்பி. ஒரு தபா வந்துச்சு, திரும்ப வரல, எனக்கு அவ்ளோதான் சாமர்த்தியம்னு சொல்லிக்கினு கீறாரு. வாராத சாமர்த்தியத்த வந்துச்சுன்னு சொன்னது யாரு? நாளைக்கு சாயந்தரம் கூட வா. கணக்க நீ சொல்லு. நான் வாயத் தொறந்தா அழுதுடுவேன்."

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் போனோம். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் சித்தார்த்தனின் அம்மா வைதேகி.

"கார் விஷயம்னா இப்பவே சொல்லிட்டேன், இந்த ஆத்துல இனிமே அந்தப் பேச்சே கிடையாது" என்றவர், மஹ்விஷை உற்றுப் பார்த்தார். "நீ எங்காத்துக் கல்யாணத்துக்கு வீடியோ பண்ணின பொண்ணோன்னோ? மாப்பிள்ளையாத்து மாமியையே காமிச்சுண்டிருந்தே. நான் கட்டிண்ட பட்டுப்புடவை எதுலயும் வரவே இல்லை."

"அடுத்த கல்யாணத்துல காட்டிடறேம்மா" என்றார் மஹ்விஷ்.

சித்தார்த்தன் கூடத்தில் இருந்தார். கையில் கட்டு இல்லை, தோல் பட்டை மாட்டியிருந்தார். நான் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். மூன்று வாக்கியம் கூடச் சொல்லியிருக்க மாட்டேன். மஹ்விஷ் என் கையைத் தட்டி நிறுத்தினார். ஃபோனை அவர் முன்னால் வைத்து அந்தக் கைதட்டலைப் போட்டுக் காட்டினார். சத்தத்தை எடுத்ததையும், படம் முந்தியதையும், நூறு எழுபதாக ஆனதையும் தானே சொன்னார். அழவில்லை.

சித்தார்த்தன் இடது கையால் அந்தக் கைதட்டலை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

"அப்போ ஏப்ரல்ல நான் நூறுலதான் மிதிச்சேனா?"

"ஆமா சார்."

"நூறுல மிதிச்சே அந்த டைம் வந்துதா?"

"ஆமா சார்."

சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "ஒன்றரை மாசமா நான் என்னையே திட்டிண்டிருக்கேன் மஹ்விஷ். இங்க உள்ள ஒரு தகடு இருக்கு" என்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

வைதேகி காபி தம்ளர்களோடு நின்றவர் கேட்டார்: "பாட்டு போடறதுக்காக சத்தத்தை எடுத்தே, அதனால எம்பிள்ளை கை ஒடிஞ்சுதா?"

"ஆமாம்மா" என்றார் மஹ்விஷ்.

வைதேகி தம்ளர்களை மேசையில் வைத்தார். காபியைக் குடித்தோம். கிளம்பும்போது சித்தார்த்தன், "குரூப்ல நான் போட மாட்டேன். நீங்களே போடுங்கோ" என்றார்.

கீழே இறங்கி, குளத்துச் சுவர் ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, மஹ்விஷ் டிராக் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசி அனுப்பினார். மூன்று முறை பேசி அழித்துவிட்டு நாலாவதை அனுப்பினார். "எல்லாருக்கும் சலாம். நான் பண்ண பழைய வீடியோ எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அதுல பிரேக் எடம் தப்பு. ஞாயித்துக்கெழம அத வச்சு ஓட்டாதீங்க. சித்தார்த்தன் சாருக்கு கை ஒடஞ்சது அவரு தப்பு இல்ல. என் வீடியோ தப்பு."

உடனே ஒருவர் கட்டைவிரல் போட்டார். இன்னொருவர், "ஒரு வருஷமா தெரியாமலா பண்ணீங்க?" என்று கேட்டார். அதற்கு மஹ்விஷ், "ஆமா" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே டிராக்குக்குப் போய் வாசலில் நின்றார். குழுவைத் திறந்தே பார்க்காதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் காரை நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று டிராக்கில் யாருக்கும் அடிபடவில்லை. அந்த மாத முடிவுக்குள் பதினொரு பேரில் ஏழு பேர் வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

பெட்டியில் குறையில்லை என்ற மெயிலை நான் திங்கட்கிழமை போட்டேன். கூடவே எங்கள் கையேட்டில் ஒரு பக்கம் சேர்க்க ரகுபதியிடம் அனுமதி வாங்கினேன். வீடியோவின் முதலிலும் கடைசியிலும் படமும் சத்தமும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கவும், அசல் சத்தத்தை நீக்காமல் வைத்திருக்கவும் சொல்லும் பக்கம் அது. முழுக்க மஹ்விஷ் சொல்லி நான் எழுதியது.

மஹ்விஷுக்கு இப்போது முப்பது வயது. வார நாட்களில் தி.நகர் ஸ்டுடியோவில்தான் இருக்கிறார். முழுநேரமும் டிராக் வீடியோ செய்யலாம் என்ற எண்ணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார். பழைய ஆட்களில் நாலு பேரும் புதிதாக இரண்டு பேரும் அவரிடம் கொடுக்கிறார்கள். சித்தார்த்தன் காரை விற்கவில்லை. ஜனவரியிலிருந்து மறுபடி ஓட்டுகிறார், நூறில்தான் மிதிக்கிறார். பார்த்தால் மஹ்விஷிடம் நின்று பேசுவார். வீடியோவை வேறு ஒருவரிடம் கொடுக்கிறார்.