இறால் போடாத சம்பல்

கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் படிக்க, என் மகளின் கல்லூரித் தோழி கவிதா ரவாங்கிலிருந்து வந்திருந்தாள். வந்தவுடனே, "ஆன்டி, நான் இறால் சாப்பிட மாட்டேன்" என்றாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சாப்பாட்டுல ரொம்ப சூஸி லா!" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் செய்தேன். அவளுக்காகச் சம்பலில் நெத்திலி மட்டும் போட்டேன். மிளகாயோடு வழக்கம்போல் பிளாச்சானையும் சேர்த்து அரைத்தேன். அது இறாலை உப்பில் ஊறவைத்துச் செய்வது. ஆனால் இத்தனை வருடச் சமையலில் எனக்கு அது உப்பு, புளி மாதிரிதான். இறாலாகத் தோன்றியதே இல்லை.

நாலு வாய் சாப்பிட்டதும் அவள் உதடு வீங்கியது. "ஆன்டி, இதுல இறால் இருக்கா?"

"இல்லவே இல்லம்மா."

அவளுக்கு மூச்சு இழுத்தது. "அம்மா, பிளாச்சான்!" என்று கத்தினாள் என் மகள்.

கணவர் காரை எடுத்தார். மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது. அவள் அம்மாவுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் விருந்தாளி எதையாவது சாப்பிட மாட்டேன் என்றால், பிடிக்காதா, உடம்புக்கு ஒத்துக்காதா என்று கேட்காமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. போன வாரம் கவிதா மறுபடியும் வந்தாள். சமையலறையிலிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"ஆன்டி, இது வெறும் உப்பு."

"பரவாயில்ல, படி" என்றேன்.