குற்றாலத்தில் வீடு பிடிப்பவர்களுக்கு

தென்காசியில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க வீடு பார்க்க வேண்டும் என்று ஊர்ப் பையன்கள் அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து படித்துவிட்டு இங்கே வந்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டைக் காலையில் போய்ப் பாருங்கள், அப்போதுதான் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் பஸ்ஸை நம்பி யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். அருவிப் பக்கம் வீடென்றால் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், குரங்கு வந்தால் உப்பு டப்பாவைக்கூட விடாது. இதெல்லாம் போனில் சொல்லலாம். சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் முடிகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா இல்லை. அம்மா அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்த்தாள். தோப்புக்காரர் கொடுத்த ஒற்றை அறையில் இருந்தோம். வேலை பார்க்கிறவரைக்கும்தான் அந்த அறை. தேங்காய் பொறுக்கியும் மட்டை இழுத்தும் அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. தென்காசியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்த அன்று, "இனி நீ வேலைக்குப் போகக் கூடாதும்மா" என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லத்தான் படித்தேன் என்றுகூட அப்போது தோன்றியது.

தென்காசியில் மூன்று வாரம் அலைந்தேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், என்ன வேலை என்று விசாரித்தார்கள். பிறகு, "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்றார்கள். தெருவைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து மச்சினன் குடிவரப் போகிறான், இல்லையென்றால் வெள்ளையடிக்கப் போகிறார்கள். ஒரு வீட்டில் இரண்டும்.

குற்றாலத்தில் மட்டும் யாரும் தெருவைக் கேட்கவில்லை. தை மாதக் கடைசி. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஓய்ந்து ஊரே காலியாகக் கிடந்தது. "எத்தனை பேரு?" என்று வீட்டுக்கார அண்ணாச்சி கேட்டார். நானும் அம்மாவும் என்றேன். "நாளைக்கே வாங்க" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மனிதர் என்று நினைத்தேன்.

அறைக் கதவில் 4 என்று பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு கட்டில். கண்ணாடி முழுக்க யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டு. இவ்வளவையும் பார்த்து, பட்டம் வாங்கிய எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. கட்டிலோடு வீடு கிடைத்ததே என்றுதான் இருந்தது. எழுதி வாங்கிக்கொள்ளவும் இல்லை. கேட்டால் அவர் மனசு சங்கடப்படுமாம்.

அம்மா தோப்பு அறையை ஒப்படைத்தாள். மறு வாரமே அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது.

வைகாசி முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் மேகம் இறங்கி மலையை மூடியது. அம்மா வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "எய்யா, சாரல் விழுது! ஓடியா, ஓடியா!" என்று கூப்பிட்டாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மாடியில் நின்ற அண்ணாச்சியும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "யக்கா, ஒங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் கீழே வந்தார்.

"தம்பி, எப்பம் காலி பண்ணுதீங்க?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"என்ன, வெளையாடுதீங்களா? சீசன் தொடங்கிட்டுல்லா. ரூமை நாள் வாடகைக்கு விட வேண்டாமா?"

"நாங்க குடியிருக்கல்லா வந்தோம்."

அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே திகைத்துப்போனார். "அருவிக்குப் போற பாதையில வருசம் பூரா குடியிருக்க எவன் ரூமு குடுப்பான்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். படிச்ச ஆளு, தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நெனைச்சேன். வெள்ளிக்கெழமைக்குள்ள பாருங்க. பொரட்டாசியில வாங்க, ஒங்களுக்கே தாரேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. நாள் வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் யாருடைய தெருவையும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அதை நான் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டேன். குற்றாலத்தில் வீடு பிடிக்கிறவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சங்கடப்பட்டால் படட்டும்.

அலுவலகத்தில் அரை நாள் அரை நாளாக லீவு சொல்லிவிட்டு இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி என்று ஏறி இறங்கினேன். எங்கும் அதே தண்ணீர், அதே கேள்வி. வியாழக்கிழமை திரும்பி வந்தபோது அம்மா துணிகளை மூட்டை கட்டியிருந்தாள்.

"எய்யா, நீ ஒனக்கு மட்டும் எடம் பாத்துக்கோ. வீட்டுக்கார அக்கா என்னைய இங்கனயே இருக்கச் சொல்லுதாவ. ரூமு கூட்டணும், பெட்சீட்டு தொவைக்கணும். பின்னால மெத்தை அடுக்குத ரூமுல படுத்துக்கிடலாமாம். சரின்னுட்டேன்."

"வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேன்லாம்மா."

"சொன்னலே. எங்கன போய்ப் படுக்கன்னு சொன்னியா?"

நான் தலையைத் தொங்கப்போட்டதைப் பார்த்ததும் அவளே சிரித்தாள். "இத்தனை நாளு ஒத்த மெத்தை. இனி பத்து மெத்தைக்கு மேல படுக்கப் போறேன் பாரு. ராணிலே ஒங்கம்மா."

தென்காசியில் ஆறு பேர் இருந்த ஓர் அறையில் ஏழாவது ஆளாகச் சேர்ந்தேன். சாரலில் துணி மூன்று நாளானாலும் காயாது, ஈர வாடையோடுதான் அலுவலகம் போனேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனால் நாலாம் நம்பர் அறையில் அருவிக்கு வந்தவர்கள் யாராவது இருப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த காலோடு அவர்கள் நடந்த தரையை அம்மா முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு பெண், "பாட்டி, இன்னொரு பக்கெட்" என்றாள். "இந்தா வாரேன் தாயி" என்று அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. நான் பக்கெட்டைத் தூக்கப் போனேன். "நீ விடுய்யா, வந்தவுக யாருன்னு கேப்பாவ" என்று தடுத்துவிட்டாள்.

புரட்டாசி வந்தது. அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை, அறையைத் தருகிறேன் என்றார். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் துவைத்துக் காய்ந்த பெட்ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்யா. கார்த்திகையில ஐயப்பன் கூட்டத்துக்கு ஒருக்க, சாரலுக்கு ஒருக்கன்னு மறுபடியும் மூட்டை கட்டணும். அதுக்குள்ள இந்த எடத்துக்கு வேற எவளாவது வந்திருப்பா. இங்கன இருந்தா என்னைய யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாவ."

முட்டிவலியைச் சொன்னேன். தென்காசியில் இன்னும் தேடுகிறேன் என்றேன். தேடு என்றாள், நம்பிக்கை இல்லாத குரலில். ஐயப்பன் கூட்டம் வருவதற்குள் எல்லாப் பெட்ஷீட்டும் அடுக்கியாக வேண்டுமாம். அந்த முனையைப் பிடி என்று என்னிடம் ஒன்றை நீட்டினாள். பிடித்தேன்.