தண்டவாளத்தில் ஒரு ஜெபம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஓய்ந்த உடம்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தது நான்தான், வீட்டில்தான். நான் இல்லாத இடத்திலும் அவர்கள் ஆண்டவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அத்தனை பாடும். பயம் வந்தால் கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொல்லியிருந்தேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் நானும் என் மூன்றாவது பெண் எஸ்தரும் அண்ணனூரில் தண்டவாளத்தைத் தாண்டினோம். விறகுக் கட்டோடு நான் முன்னால் போய்விட்டேன். கூட்ஸ் வண்டி ஊதியது. திரும்பினால் எஸ்தர் தண்டவாளத்தின் நடுவே கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறாள். கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் எதிரே வந்த வளையல்கார பாய் அவளை இழுத்துப் போட்டார்.

"இன்னாம்மா, புள்ள கண்ண மூடிகினு நிக்குது. அது ஆமென் சொல்றவரிக்கும் வண்டி நிக்குமா?" என்றார்.

"நீதானேம்மா மூடச் சொன்ன" என்றாள் எஸ்தர்.

வீட்டில் வேதப் பாடத்தை நான் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து, "முதல்ல ஓடு, ஓடிகினே கூப்புடு, அவருக்குக் கேக்கும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது என் பேரன். போதும் நைனா, களைப்பா இருக்கு. நீயா ஒண்ணும் சேக்காம, எழுதினத ஒருக்கா படிச்சுக் காட்டு.