நோன்பு சாட்டிய ஊரின் எல்லை

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றால் எந்தப் பொண்டாட்டிக்குத்தான் ஆத்திரம் வராது? என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்த வாரம் அது. கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர்கள் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. எங்கள் ஊரில் இன்றைக்கும் அதுதான் முறை.

ஊர் என்கிறேனே, அது எங்கே இருக்கிறது? எங்கள் சோளக்காடு அடுக்குமாடியாகிவிட்டது. கோயிலைச் சுற்றி பேக்கரி, ஜிம், பல் டாக்டர். மாடிவீட்டுக்காரர்கள் கம்பத்தை போட்டோ எடுத்துக்கொண்டு, இது எதுக்கு என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அங்கயே படுக்கச் சொல்லிப்போடுவாங்க புள்ள. எல்லை தாண்டிப் படுத்தா ஊருக்கு ஆகாது" என்றார். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, நீங்க தாலி கட்டுனது எனக்கா, ஊருக்கா?" என்று கத்திவிட்டேன். மருமகள் காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினாள். "எல்லைக்குள்ளயே ஒரு ஆஸ்பத்திரி வந்திருக்குதுங்க, எந்திரிங்க" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றினோம்.

சிங்காநல்லூர் போகிற ரோடு. அவர் என் தோளில் சாய்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊருக்கு எல்லை ஒரு பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். அந்தப் பக்கம் நான் பிறந்த ஊர். கல்யாணத்தன்று கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் இங்கே வந்தேன்.

"பள்ளம் வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். உண்மையில் எங்கே வந்திருக்கிறோம் என்று நானும் எட்டிப் பார்த்தேன். செல்போன் கடை, பிரியாணிக் கடை, திரும்பவும் செல்போன் கடை. கையகல இடம் சும்மா கிடக்கவில்லை.

"கண்ணு, பள்ளத்தைத் தாண்டிட்டமா?" என்று மருமகளின் காதில் கேட்டேன்.

"எந்தப் பள்ளமுங்க அத்தை?" என்றாள். தினமும் இதே ரோட்டில் வேலைக்குப் போய்வருகிறவள்.

ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அடைப்பை எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது.

உள்ளே போய்ப் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசத்தச் சொல்லு புள்ள. எல்லைக்கு உள்ளயா, வெளியவா? நீ அந்தப் பக்கத்துக்காரி. உனக்குத் தெரியாம இருக்காது."

உள்ளேதான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "எனக்குத் தெரியலீங்க. ஆத்தா மேல சத்தியமாத் தெரியலீங்க" என்றேன்.

"உனக்கே தெரியலீன்னா ஊருக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளமே இல்லையென்றால் நான் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன்?